ஃபிளாஷை அணைங்க சார்!

சென்னையில் எந்த நாட்டியப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. அரங்க விளக்குகள் அணைகின்றன, திரை விலகுகிறது. ஏழெட்டு வயதுப் பொடிசுகள் பன்னிரண்டு பேர், விசிறி மடிப்பு உடையும் நெற்றிச்சுட்டியுமாக அரைமண்டியில் நிற்கிறார்கள். நட்டுவாங்கத் தாளம் விழுகிறது. அடுத்த நொடியே பளீர்! பளீர்! பளீர்! கண் கூசிய ஒரு குழந்தை வலது காலுக்குப் பதில் இடது காலைத் தட்டுகிறது. பக்கத்தில் ஆடுபவளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முயல்வதற்குள் இன்னொரு பளீர். அடித்தது யாருடைய அப்பா என்று தெரியாது. ஆனால் அவருக்கு என்ன படம் கிடைத்தது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். முன் வரிசை மாமாவின் வழுக்கை பளிச்சென்று இருக்கும், அதற்குப் பின்னால் ஒரே இருட்டு :-)

இந்தக் கூத்தைக் காரணம் காட்டித்தான் பல பள்ளிகள் பார்வையாளர்கள் கேமரா கொண்டுவரக் கூடாது என்று அறிவிக்கின்றன. கூடவே இன்னொரு வரி வரும்: படம் வேண்டுவோர் பள்ளி ஏற்பாடு செய்த புகைப்படக்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். முதல் வரிக்கு நியாயம் இருக்கிறது. இரண்டாவது வரி அந்த நியாயத்தைக் கடன் வாங்கிப் பிழைக்கிறது. கடன் கொடுத்தது ஃபிளாஷ் அடித்த பெற்றோர்!

மற்ற எல்லோரையும் வாசலில் நிறுத்திவிட்டு ஒரே ஒரு விற்பனையாளரை மட்டும் உள்ளே விட்டால் விலை என்ன ஆகும் என்பது காமர்ஸ் படிக்கும் யாருக்கும் தெரியும். ஏகபோகம் என்று பாடப் புத்தகத்தில் பெயர். உடைக்கு, மேக்கப்புக்கு, நகை செட்டுக்கு, ஹால் வாடகையில் பங்குக்கு என்று ஏற்கெனவே கட்டிய குடும்பம் கடைசியில் ஆல்பத்துக்கும் கட்டுகிறது. கட்ட முடியாத வீட்டில் அந்தக் குழந்தை மேடை ஏறியதற்கு அத்தாட்சியே கிடையாது. கட்டிய வீட்டிலும் பெரிய லாபம் இல்லை. புகைப்படக்காரர் பாவம், அவருக்குக் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், தனியாக ஆடும் பெரிய பெண்கள் என்று ஆயிரம் கவலை. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஆடும் பொடிசுக்கு, முன்னால் நிற்பவளின் முழங்கைக்குப் பின்னே அரை முகம்தான் கிடைக்கும்.

ஆகவே ஃபிளாஷை அணைப்பது வெறும் நாகரிகம் மட்டுமல்ல. பெற்றோர் கையில் இருக்கும் ஒரே பேரம் அதுதான்.

அந்த ஃபிளாஷால் பிரயோஜனமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. கேமராவின் தலையிலிருந்து எழும்பும் சின்ன ஃபிளாஷுக்கு எஃப்/5.6, ஐஎஸ்ஓ 100-ல் சுமார் இரண்டு மீட்டர்தான் எட்டும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் நான்கு மீட்டர். மேடை இருப்பதோ பத்து மீட்டருக்கு அப்பால். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். தப்பித் தவறி எட்டினாலும், விளக்குக்காரர் மெனக்கெட்டுப் போட்ட நீலமும் மஞ்சளும் வெளுத்துப்போய், பின் திரையில் கறுப்பு நிழல் விழுந்து, பாஸ்போர்ட் போட்டோ போல ஒரு படம் வரும்.

தேவை வெளிச்சத்தை வாரி உள்ளே விடும் லென்ஸ். கேமராவோடு இனாமாக வரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப்/5.6-தான். சாதாரண 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் விடும். அதே மேடை, அதே ஐஎஸ்ஓ. கிட் லென்ஸில் 1/30 நொடி ஷட்டர் வைக்க வேண்டிய இடத்தில், 50 எம்எம்மை எஃப்/2-வில் வைத்தால் 1/250 கிடைக்கும். முதலாவதில் கையே தெரியாது, புகைதான் தெரியும். இரண்டாவதில் கடக முத்திரையா கத்திரி முத்திரையா என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் கடைக்காரர் சொல்வது வேறு. "மேடை நிகழ்ச்சியா? 70-200 எஃப்/2.8 இல்லாமல் முடியாது சார்." இணையத்துப் பண்டிதர்களும் அதையேதான் ஓதுகிறார்கள். அருமையான லென்ஸ்தான், மறுப்பில்லை. ஆனால் கேனனோ நிகானோ, அவர்கள் தயாரிப்பில் புதிது வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். வருஷத்தில் இரண்டு மாலை எடுக்கும் படத்துக்கு லட்ச ரூபாய் முதலீடு, அப்புறம் பீரோவில் பூஞ்சை பிடிக்கும் தேய்மானம்! வேண்டுமென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம், சென்னையில் கிடைக்கிறது. 50 எம்எம் எஃப்/1.8 இருபதாயிரம் ரூபாய் சுற்றளவில் முடிந்துவிடும். பழைய டிஎஸ்எல்ஆருக்கு செகண்ட்ஹாண்டில் தேடினால் இன்னும் மலிவு. சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் ஐந்து முதல் எட்டு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு குழந்தை தலை முதல் பாதம் வரை அழகாக அடங்கும். அதற்கும் பின்னால் உட்கார வேண்டியிருந்தால் 85 எம்எம்.

பாதம் என்றதும் ஒன்று. பரதநாட்டியப் படத்தில் கணுக்காலோடு வெட்டுவது மகா பாவம். சலங்கையும் தட்டும் பாதமும் இல்லாத அரைமண்டி, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து எடுப்பவர்களுக்கு மேடை விளிம்பு பாதத்தைத் தின்றுவிடும், மூக்குத் துவாரம்தான் மிச்சம். நாலைந்து வரிசை தள்ளி ஓரத்து இருக்கை உத்தமம்.

செட்டிங்கில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மேனுவல் மோடில் 1/250, எஃப்/2, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 6400. பின்னால் கறுப்புத் திரை இருந்தால் கேமரா ஏமாந்துபோய் முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். ஃபோகஸ் உதவிக்கு எரியும் குட்டி விளக்கையும் 'பீப்' சத்தத்தையும் மெனுவில் தேடி அணைக்க வேண்டும் (ஃபிளாஷை அணைத்த புண்ணியவான்கள்கூட மறப்பது இதைத்தான்). மிர்ரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை முதலிலேயே சோதித்துக்கொள்வது நல்லது. எல்ஈடி விளக்கில் படம் முழுக்கக் கோடு கோடாக விழலாம். ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: நாலுக்கு ஆறு பிரிண்டில் புள்ளியை யாரும் தேட மாட்டார்கள். ஆடிப்போன முகத்தைத்தான் மீட்க முடியாது. ஏஐ மென்பொருளிடம் கொடுத்தால் வேறு யார் வீட்டுக் குழந்தையின் முகத்தையோ ஒட்டித் தரும்.

எந்த லென்ஸும் தராத ஒன்று தாளம். ஜதி முடியும் இடத்துத் தீர்மானம் பெரும்பாலும் ஒரே கோர்வை மூன்று முறை வந்து, கடைசி அடி சமத்தில் விழும். அங்கே குழந்தை ஒரு கணம் சிலையாக நிற்கும், முகத்தில் "முடிச்சுட்டேன்!" என்று ஒரு வெளிச்சம் வரும். அதுதான் படம். வீட்டுக் கூடத்தில் மாதக்கணக்கில் "தை யும் தத் தத் தை யும் தா" கேட்ட அம்மாவுக்கு அந்த இடம் தூக்கத்திலும் தெரியும், பள்ளியின் புகைப்படக்காரருக்குத் தெரியாது. தெரிந்தவர்களைத்தான் வாசலில் தடுக்கிறார்கள்!

பள்ளிகள் சொல்லும் மற்ற காரணங்களில் உண்மை இருக்கிறது. நடைபாதையில் ட்ரைபாட் விரிப்பவர்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்படி தலைக்கு மேல் செல்போனைத் தூக்கிப் பிடிப்பவர்கள், அடுத்தவர் குழந்தையின் படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் ஏற்றுபவர்கள். இவர்களைத் தாராளமாக வெளியே அனுப்பலாம். ஆனால் தன் இருக்கையில் உட்கார்ந்து, ஃபிளாஷ் இல்லாமல், தன் குழந்தையை எடுப்பவரால் யாருக்கு என்ன தொந்தரவு? புகைப்படக்காரரின் கல்லாவைத் தவிர?

அரங்கத்தில் முடியவே முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு. பல விழாக்களில் அன்று மதியமே மேடையில் விளக்கு ஒத்திகை நடக்கும். அதே விளக்கு, அதே மேடை, இருக்கைகள் மட்டும் காலி. அதிலும் குழந்தைகளை உடையோடு ஒரு முறை ஆடவைத்து, அரை மணி நேரம் பெற்றோரை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கவிடலாம். மாலையில் எல்லோரும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணால் பார்ப்பார்கள்.