தங்க ஸ்டிக்கரும் நாவல்பழமும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. குடிப்பது சரியா தப்பா என்கிற பஞ்சாயத்து இது இல்லை. டாஸ்மாக் பற்றியும் இல்லை. குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நம் நாக்கை நாமே அடகு வைக்கிற கதை இது. அடகு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, பார்ப்பது வங்கி உத்தியோகம் :)

புனேவில் ஔந்த், பாணேர், கல்யாணி நகர் என்று எந்தப் பக்கம் பெரிய வைன் கடைக்குப் போனாலும் ஆஸ்திரேலிய ஷிராஸுக்கு என்று ஒரு வரிசை இருக்கும். பாதி பாட்டில்களில் வட்டமாக ஒரு தங்க ஸ்டிக்கர். இந்தப் போட்டியில் தங்கம், அந்தப் போட்டியில் டிராஃபி. நம்மாட்கள் ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், வாங்கிவிடுவார்கள். அப்புறம் வீட்டு விருந்தில் பின்பக்க லேபிளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். "பிளாக்கரண்ட் வருது பாருங்க, சீடார் வருது, முடிவுல லேசா டொபாக்கோ." சார், பிளாக்கரண்ட் என்கிற பழத்தை நாம் ஐஸ்கிரீம் கடையைத் தவிர வேறெங்கே பார்த்தோம்? சீடார் கட்டையை முகர்ந்தது எப்போது, பென்சில் சீவும்போதா?

மெடல் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலான வைன் போட்டிகளில் தயாரிப்பாளரே ஒவ்வொரு வைனுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டி பாட்டிலை அனுப்புகிறார். ஜெயித்தால் ஸ்டிக்கரையும் பல இடங்களில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு இது நன்றாகப் பழகின ஏற்பாடு. கடன் பத்திரம் வெளியிடும் கம்பெனியே ரேட்டிங் ஏஜென்சிக்குக் கட்டணம் கொடுக்கும் அதே ஏற்பாடு. ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018 நடுவில்கூட ட்ரிபிள் ஏ. அந்த செப்டம்பரில் தவணை கட்ட முடியாமல் நின்றது. ரேட்டிங் போட்டவர்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்லவில்லை. யார் கட்டணம் கட்டினார்கள் என்று பார்க்காமல் சர்டிபிகேட்டை நம்பக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, நடுவர்கள் நேர்மையானவர்கள்தான் என்றே வைத்துக்கொள்வோம். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஒருவர். கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கலிஃபோர்னியாவில் சின்னதாக வைன் தயாரிப்பவர். தன் வைன் ஒரு போட்டியில் தங்கம் வாங்குகிறது, இன்னொன்றில் ஒன்றுமே வாங்குவதில்லை, ஏன் என்று அவருக்குக் குடைச்சல். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய வைனை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரே நடுவருக்கு மூன்று தடவை கொடுத்துப் பார்த்தார். 2008ல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பத்து நடுவரில் ஒருவர்தான் நிலையாக மதிப்பெண் போட்டார். வேறு சிலர் அதே வைனுக்கு ஒரு முறை வெண்கலம், இன்னொரு முறை தங்கம் என்கிற அளவுக்கு ஆடினார்கள்.

அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை. 2003ல் அமெரிக்காவில் நடந்த 13 போட்டிகளின் முடிவுகளை எடுத்து அலசினார். மூன்று போட்டிகளுக்கு மேல் கலந்துகொண்ட வைன்கள் 2,440. அதில் 47 சதவீதம் எங்காவது ஒரு தங்கம் வாங்கியிருந்தன. அப்படித் தங்கம் வாங்கியவற்றில் 84 சதவீதம் வேறொரு போட்டியில் வெறுங்கையோடு திரும்பியிருந்தன! நாலு லாட்டரிச் சீட்டு வாங்கினால் ஒன்றில் ஏதாவது விழும். விழுந்ததை மட்டும் பாட்டிலில் ஒட்டுவார்கள், விழாத மூன்றை யாரும் ஒட்ட மாட்டார்கள். பி.காம் முதல் வருஷப் புள்ளியியல் போதும் இதைப் புரிந்துகொள்ள.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மோசமான வைனை மோசம் என்று சொல்வதில் நடுவர்கள் ஓரளவு ஒத்துப்போனார்கள். ஆகவே கெட்டுப்போனதைக் கழிக்கப் போட்டி உதவும். நல்லதில் எது உசத்தி என்று சொல்லத்தான் உதவாது.

"அப்ப ஆஸ்திரேலிய வைன் எல்லாம் டுபாக்கூரா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அங்கேயே மெடலுக்கு எதிரான சாட்சி இருக்கிறது. பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் கிரேஞ்ச், அந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற சிவப்பு வைன். மேக்ஸ் ஷூபர்ட் 1951ல் பரிசோதனையாக ஆரம்பித்தது. ஆரம்பத்தில் சுவைத்துப் பார்த்த பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். நசுக்கிய எறும்பு வாசனை அடிக்கிறது என்றுகூட ஒருத்தர் சொன்னார். 1957ல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. மனுஷன் 57, 58, 59 மூன்று வருஷமும் மேலிடத்துக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்தார். 1962ல் சிட்னி போட்டியில் 1955ம் வருஷத்து கிரேஞ்ச் தங்கம் வாங்கியது. அதற்கப்புறம் தங்கமாகவே குவிந்தது. ஷூபர்ட் மட்டும் ஸ்டிக்கரை நம்பியிருந்தால் கிரேஞ்ச் என்று ஒன்று இன்று இருந்திருக்காது. அவர் தன் நாக்கை நம்பினார்.

இன்னொன்று, ஜிம்மி வாட்சன் டிராஃபி. மெல்போர்னில் 1962லிருந்து கொடுக்கிறார்கள், பெரிய கௌரவம். பல வருஷங்கள் அது ஒரு வயசே ஆன, பாட்டிலுக்கே வராத, பீப்பாயில் கிடக்கிற வைனுக்குப் போனது. கடைசியில் கடைக்கு வந்த பாட்டிலில் இருந்தது அதேதானா என்கிற சண்டை அங்கேயே நடந்து, பிறகுதான் விதியை மாற்றினார்கள். அவர்களே கேள்வி கேட்ட பரிசை நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்குகிறோம்.

இப்போது இந்த டேஸ்டிங் நோட்ஸ் சமாச்சாரம். 2001ல் ஃபிரடெரிக் புரோஷே என்கிற ஃபிரெஞ்சு ஆய்வாளர், போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார். சிவப்பு வைனுக்குரிய வார்த்தைகளையே கொட்டினார்கள். கண் பார்த்ததை மூக்கு ஒப்பித்தது. படித்தவர்கள் கதி இது. லேபிளைப் பார்த்துவிட்டுக் குடிக்கிற நாம் எம்மாத்திரம்?

அதனால் வைனில் வாசனையே இல்லை என்று சொல்லக்கூடாது. இருக்கிறது, அதில் பாதி நம்ம ஊர் வாசனை! ஷிராஸில் 'பெப்பரி' என்று எழுதுகிறார்களே, அது உவமை இல்லை, நிஜமாகவே மிளகு. ரோட்டன்டோன் என்கிற பொருள்தான் காரணம் என்று 2008ல் ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடித்தார்கள். நம் ரசத்தில் போடுகிற மிளகில் இருப்பதும் அதேதான். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாது என்பதும் அந்த ஆராய்ச்சியிலேயே வந்தது. ஆகவே மிளகு வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், உங்கள் மூக்கின் அமைப்பு அப்படி.

கூனவாரா கேபர்னேயில் 'மின்ட், யூகலிப்டஸ்' என்பார்கள். திராட்சைத் தோட்டத்துப் பக்கத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களிலிருந்து வருவது. ஊட்டிக்குப் போய்வந்த எந்தத் தமிழனும் முதல் முகர்வில் சொல்லிவிடுவான், நீலகிரி தைலம் என்று. அந்த மரமே 19ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்ததுதான். பரோசா ஷிராஸில் தேங்காய் வாசனை வந்தால் அது அமெரிக்க ஓக் பீப்பாயின் வேலை. டானின் என்று நாக்கைச் சுருட்டிச் சொல்வதற்கு நம்மிடம் துவர்ப்பு என்று அறுசுவையிலேயே ஓர் இடம் இருக்கிறது. கடுக்காய், வாழைப்பூ, மாதுளைத் தோல் என்று அதில் எத்தனை தினுசு தெரியும் நமக்கு! அடர்ந்த கருஞ்சிவப்பு, இனிப்போடு துவர்ப்பு, நாக்கில் கறை. ஜூன் மாசம் புனே தள்ளுவண்டியில் 'ஜாம்பூள்' என்று கூவி விற்கிற நாவல்பழம்தானே இது? இதை விட்டுவிட்டு, பார்க்காத பிளாக்கரண்டுக்கு ஏன் அலைகிறோம்?

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்றால், காசு. முன்பு இறக்குமதி வைனுக்கு 150 சதவீதம் வரி. 2022 டிசம்பர் 29லிருந்து இந்தியா ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. பாட்டில் இறக்குமதி விலை 5 டாலருக்கு மேல் என்றால் வரி உடனே 100 சதவீதம், பத்து வருஷத்தில் 50க்கு இறங்கும். 15 டாலருக்கு மேல் என்றால் உடனே 75, போகப்போக 25. 5 டாலருக்குக் கீழே சலுகையே கிடையாது. சீனாவும் 2020 கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை ஆஸ்திரேலிய வைன் மீது இருநூறு சதவீதத்தைத் தாண்டும் அளவுக்கு வரி போட்டு வைத்திருந்தது. விற்க வேறு சந்தை தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. தப்பில்லை, வியாபாரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். விலை கூடக்கூடச் சலுகையும் கூடுகிறது. வைன் தெரியாத ஒருவரிடம் விலை கூடின பாட்டிலை எதைக் காட்டி விற்பார்கள்? வட்டமாக, தங்கக் கலரில் ஒன்று.

இந்தப் பக்கம் என்ன நிலைமை? நாசிக் ஒரு ராத்திரி பஸ் தூரம்கூட இல்லை. திராட்சைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் நம்ம மாஞ்சரியில், சோலாப்பூர் ரோட்டில் இருக்கிறது. அக்லூஜில் ஃப்ரடெல்லி இருக்கிறது. நாராயண்காவில் ஷாத்தோ இண்டாஜ் எண்பதுகளிலேயே ஃபிரெஞ்சு முறையில் நுரை வைன் செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ணியது. பிறகு அந்தக் கம்பெனி ஆஸ்திரேலியாவிலேயே வைன் ஆலைகளை வாங்கப் போய், 2009 வாக்கில் கடனில் மூழ்கியது. திராட்சை கொடுத்த விவசாயிகள் பாக்கிப் பணத்துக்கு அலைந்தார்கள். வெளிநாட்டு முத்திரை மேல் உள்ள மோகம் குடிக்கிறவனுக்கு மட்டும் இல்லை, தயாரிக்கிறவனுக்கும் உண்டு. நஷ்டம் மட்டும் தோட்டத்தில் நிற்கிறவனுக்கு.

சுதேசி வேஷம் போடச் சொல்லவில்லை. நாசிக் வைன் எல்லாமே அமிர்தம் என்றும் சொல்ல மாட்டேன், சிலது வாயில் வைக்க முடியாது. ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை நாலு பேர் கூடும்போது ஒரு பரோசா ஷிராஸ், ஒரு நாசிக் ஷிராஸ். இரண்டையும் 'சகாள்' பேப்பரில் சுற்றி, நம்பர் போட்டு, ஊற்றுங்கள். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். பேப்பரைப் பிரித்த பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் விதி. ஆஸ்திரேலியா ஜெயித்தால் சந்தோஷமாகக் காசு கொடுத்து வாங்குங்கள். கொடுக்கிற காசு திரவத்துக்குப் போகட்டும். ஸ்டிக்கருக்கு எதற்கு?

பி.கு: வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தப் பரிசோதனையில் வேலை இல்லை. அவர்களுக்கு நாவல்பழம் வாங்கி வையுங்கள்.