தீவின் படத்தை யார் வரைவது?

வைகாசி பிறந்ததும் மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் சோளகக் காற்று எழும். புரட்டாதி வரையில் அது ஓய்வதில்லை. சோளகம் வீசும் மாதங்களிலே தெற்குக் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் வடக்குக் கரையை நாடும். வாடை பிறந்தால் வடகடல் குமுறும். வள்ளங்கள் மறுபடியும் தெற்கே திரும்பும். காற்றின் போக்கறிந்து வாடியை மாற்றிக்கொள்ளும் இவ்வழக்கத்தை எந்தக் கந்தோரும் வகுத்துக் கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழிலாளர் தாமே வகுத்துக்கொண்ட திட்டம் அது.

அதே காற்றை நாட்டின் மின்சாரத் தேவைக்குப் பயன்படுத்த அரசாங்கம் முற்பட்டதில் வியப்பில்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில், 'தம்பபவனி' என்னும் பெயரோடு இலங்கை மின்சார சபையின் காற்றாலைப் பண்ணை தெற்குக் கரையிலே திறந்துவைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கி கொடுத்த கடன் 200 மில்லியன் டொலர். டென்மார்க் தேசத்து வெஸ்தாஸ் நிறுவனத்தின் கோபுரங்கள் 30. அவற்றின் வலு 103.5 மெகாவாற்று. அதன்பின் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 250, பூநகரியில் 234 ஆக மொத்தம் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்டது. 2024இல் அமைச்சரவை அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் விலைக்கு இணங்கியது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. ஆட்சி மாறி, விலையை மறுபடி பேசவேண்டும் என்ற நிலை வந்தபோது, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

அதோடு கதை முடியவில்லை. வேறு நிறுவனங்களின் பொறுப்பில் மேலும் 14 கோபுரங்களை நாட்டும் வேலை தொடங்கவே, 2025 ஓகஸ்ட் முதல் மன்னார்ப் பட்டினத்தில் மக்கள் இரவு பகலாகக் கூடி நின்றனர். ஓகஸ்ட் 13ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தார். மாதம் கழிந்தது. மக்கள் இணங்காமல் தீவிலே புதிய திட்டங்கள் தொடங்கப்படமாட்டா என்றும், ஏற்கெனவே ஒப்பந்தமானவை தொடரும் என்றும் அரசாங்கம் கூறிற்று. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு கோபுரத்தின் பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களை மக்கள் மறித்தபோது பொலிசாரோடு கைகலப்பு நேர்ந்தது, காயமுற்றோர் பலர். 29ஆம் திகதி மன்னாரிலே கடைகள் பூட்டிக் கிடந்தன.

இந்நிகழ்ச்சிகளுக்குக் கொழும்பிலே ஒரு விளக்கம் உண்டு: மன்னார் மக்கள் அபிவிருத்தியை விரும்பாதவர்கள், அல்லது யாரோ தூண்டிவிட ஆடுகின்றவர்கள் என்பது அது. மன்னாரிலே வேறொரு விளக்கம் உண்டு: காற்றாலை என்பது வெறும் சாட்டு, தீவைக் காலி செய்வதே நோக்கம் என்பது அது. இவ்விரண்டும் எனக்கு உடன்பாடல்ல. வழக்கின் வேர் காற்றாலையில் இல்லை. காற்றாலை எங்கே நிற்பது, வீதி எவ்வளவு உயர்வது, மழைநீர் எவ்வழியே வடிவது என்பவற்றை முடிவு செய்யும் மேசையில் யாருக்கு ஆசனம் உண்டு என்பதிலேதான் அது ஊன்றியிருக்கின்றது.

தீவின் இயல்பை நோக்குவோம். நீளம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். அகலமோ மிகச் சிறிது. மலையில்லை, ஆறில்லை. மணல்மேடும் பள்ளமும் பனங்கூடலுமே உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கின்றது. கிணறுகள் அதனையே நம்பியிருக்கின்றன. மாரியில் பள்ளங்களை நிரப்பிய நீர் எஞ்சினால், பழகிய தடங்களால் கடலுக்கு வடியும். இத்தகைய நிலத்தில் ஒரு முழம் உயர்ந்த வீதிகூட அணையாகிவிடும்.

பேசாலைப் பக்கத்தில் முதிய கடற்றொழிலாளி ஒருவரோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளம் எவ்விதம் வந்தது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் ஒரு பனைமட்டையை எடுத்து மணலிலே கோடு கீறினார். "இது எங்கட ஊர். இது தரவை. தண்ணி இந்தப் பக்கத்தாலதான் கடலுக்குப் போறது. குறுக்கால இந்த றோட்டை உயர்த்திப்போட்டினம். தம்பி, எங்களிட்ட ஒருத்தரும் கேட்கேல்ல" என்றார். அவர் கீறியது ஒரு நிலப்படம். அளவுச் சங்கிலி பிடியாதவர் கீறிய படம்தான். ஆயினும் அறுபது மாரிகளின் நீரோட்டம் அதிலே இருந்தது. அப்படம் எந்தக் கோவைக்குள்ளும் சேரவில்லை.

காற்றாலைகள் வந்தபின் வெள்ளம் தேங்குகின்றது, மீன்பாடு குறைந்துவிட்டது என்பவை தீவு மக்களின் முறைப்பாடுகள். இவற்றுள் எவ்வளவு காற்றாலையால், எவ்வளவு பிற காரணங்களால் என்பதை ஆய்ந்து சொல்வது நிபுணர் கடமை. பாலத்துக்கு அப்பால் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் பாதை இக்கரையால் செல்கின்றது. காற்றாலையினும் பெரிய அச்சம் கனிய மணல் அகழ்வு. இல்மனைற்று முதலான கனிமங்களுக்காக அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தீவில் ஆய்வு நடத்தியது. கோபுரத்தைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். நன்னீரைத் தாங்கும் மணலை அகழ்ந்தபின் அந்நிலத்தை முன்போல் ஆக்குவது எளிதன்று.

இவற்றையெல்லாம் கேட்டு ஆராயத்தக்க ஊர்ச்சபைகள் எங்கே என்று வாசகர் வினவலாம். தீவில் அவை இரண்டு: மன்னார் நகர சபை, மன்னார் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய பிரதேச சபை ஊர் வீதிக்கும் சந்தைக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பானது. ஆனால் 2023 மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6ஆம் திகதிதான் மக்கள் வாக்களித்தனர். இடையில் இரண்டாண்டுக்கு மேலாக, தெரிவான உறுப்பினர் இல்லாமல் உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினர். வடக்கு மாகாண சபையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, 2025 முடியும்வரை தேர்தல் வைக்கப்படவில்லை.

இனித் திகதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 250 மெகாவாற்றுத் திட்டத்தின் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு பொதுமக்கள் கருத்துக்காகத் திறக்கப்பட்டது 2024இன் தொடக்கத்தில். விலைக்கு அமைச்சரவை இணங்கியதும் அவ்வாண்டிலேயே. அந்நாட்களில் மன்னார்ச் சபை மண்டபங்களில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை; மாகாண சபையும் இல்லை. சட்டம் கருத்துச் சொல்ல 30 நாள் தருகின்றது. தாழ்வுபாட்டிலே வலை பின்னுகின்ற ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து, தக்க அதிகாரிக்கு எழுத்திலே எழுதவேண்டும் என்பது அதன் பொருள். கேட்கவேண்டிய சபையை மூடிவைத்துவிட்டு, மக்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள் என்று வினவுவதில் நியாயம் உண்டா?

இக்கரைக்கு இது புதிய அனுபவமுமன்று. 1905இல் மரிச்சுக்கட்டியில் மிகப்பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. மறு ஆண்டே குடியேற்ற அரசாங்கம் மன்னார்க் குடாவின் முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பெனி கலைந்தது. சிப்பி அழிந்ததற்குக் காரணம் குத்தகை ஒன்றே என்று கூறுவது சரியாகாது. முத்துப்பார் எப்போதும் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து மீளும் இயல்பினது. அவ்வியல்பைப் பழகியறிந்தவர்கள் கரையில் இருந்தார்கள். கணக்குப் பார்த்தவர்களோ வேறெங்கோ இருந்தார்கள். அன்று கடலடி, இன்று காற்றும் மணலும்.

மறுபக்க நியாயத்தையும் மறைத்தல் தகாது. 2022 மார்ச்சில் இந்நாட்டிலே நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. டீசலுக்கும் நிலக்கரிக்கும் அந்நியச் செலாவணி கொட்டும் நாடு, இறைவன் தந்த காற்றை வீணாக்க இயலாது. ஒவ்வோர் ஊரும் தனக்குப் பிடியாததை மறுக்கலாமென்றால் எங்கும் எதுவும் எழாது. மேலும் நம் சபைகளின் நிலையும் நாமறிந்ததே. பொறியியலாளர் போதாது, வருவாய் போதாது. நாமும் தேர்தற் காலத்தில் தெருவிளக்கும் கல்வீதியும் கேட்டோமேயன்றி, 'எங்கள் ஊரின் வடிகாற்படம் உங்கள் கையில் உண்டா?' என்று எந்த வேட்பாளரையும் கேட்டதில்லை. பிழையில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே மறுக்கும் உரிமையைவிட முந்தி வரையும் உரிமையையே நாம் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. நீர் வடியும் தடங்கள், நன்னீர்க் கிணறுகள், கரைவலைப்பாடுகள், பறவை இறங்கும் களப்புகள், பனங்கூடல்கள் ஆகிய இவற்றைக் குறித்த தீவுப்படம் ஒன்றை நகர சபையும் பிரதேச சபையும் கூடி ஆக்கட்டும். எந்த அமைச்சும், எந்தக் கம்பெனியும் இடம் தேடுமுன் அப்படத்தைப் பார்த்தாகவேண்டும் என்று சட்டம் கட்டளையிடட்டும். நகர அபிவிருத்தி அதிகாரசபையும் கடற்கரைப் பாதுகாப்புத் திணைக்களமும் தத்தம் படங்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டிருப்பதால் ஊராருக்கு ஆவதொன்றில்லை.

இது கனவென்று தள்ளுவோர் கடலுக்கு அப்பால் நோக்கலாம். 1996இல் கேரள அரசாங்கம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 விழுக்காட்டை ஊராட்சிகளின் கையில் வைத்தது. கிராம சபைகள் கூடித் தம் ஊரின் நீரையும் நிலத்தையும் தாமே கணக்கெடுத்தன. டென்மார்க்கிலே 2008இன் சட்டம் ஒன்று, காற்றாலை நாட்டுவோர் நாலரைக் கிலோமீற்றருக்குள் வாழ்வோருக்குக் குறைந்தது 20 விழுக்காட்டுப் பங்கை விலைக்குக் கொடுக்க முன்வரவேண்டும் என்றது. 2020இல் அவ்விதி போய், அயலாருக்கு நன்மை தரும் வேறு முறைகள் வந்தன. அயலாருக்கும் உரிமையுண்டு என்ற எண்ணம் மாறவில்லை. அந்நாட்டின் கோபுரங்களைக் கப்பலில் ஏற்றிவந்த நாம் அந்நாட்டின் சட்டத்தை ஏற்றிவர மறந்தோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாவட்டத்தின் பெருநிலத்திலே அருவியாறு கரைகடந்து ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் எவருடைய அநுமதியையும் கேட்பதில்லை. தன் பழைய வழியைத் தேடியே அது வருகின்றது. அவ்வழியை அறிந்தவர்கள் ஊரில் இருக்கின்றார்கள். ஆனால் அவர்களுள் பலர் முதியவர்கள், எக்காலமும் இருக்கமாட்டார்கள்.

இப்போது சபைகளுக்கு உறுப்பினர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவன்று. மாரி பிறக்கும் நாளில் ஒவ்வோர் ஊரிலும் நாலைந்து முதியோரை அழைத்துக்கொண்டு, ஓர் அளவையாளரோடு தரவையிலே நடவுங்கள். அவர்கள் காட்டும் கோட்டைக் கடதாசியில் இறக்கி, சபையின் முத்திரையிட்டு, கச்சேரியிலும் கொழும்பிலும் கொடுங்கள். பேசாலையில் அன்று மணலிலே கீறிய படத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோளகம் அழித்துவிட்டது.