கூடாரம் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கோலா தெர்லா பக்கம் கூடாரப் பேச்சு தொடங்கிவிடும். கீழேயிருந்து உறவினர்கள் வருவார்கள். வீட்டில் படுக்க இடம் போதாது. பிள்ளைகளுக்கோ வெளியில் தூங்க ஆசை. சென்ற வாரம் படிவம் இரண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: “டீச்சர், நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர் படுக்கும் கூடாரம் ஒன்று வாங்கினால் போதும்தானே?”

வேண்டாம் என்றேன். பெரிய குடும்பத்துக்கு ஒரு பெரிய கூடாரத்தைவிட இரண்டு சிறிய கூடாரங்களே நல்லவை என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கின்றன.

முதலில் உறையின்மேல் உள்ள எண்ணைப் பார்ப்போம். ‘8 பேர்’ என்றால் எட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்றுதான் பொருள். ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 60 சென்டிமீட்டர் அகலம். பைகளுக்கும் காலணிகளுக்கும் அதில் இடமில்லை. அதனால் எண்ணில் ஒன்றிரண்டைக் கழித்துக் கணக்கிடுங்கள்.

அடுத்தது ஈரம். தூங்கும் ஒரு பெரியவரின் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. எட்டுப் பேருக்கு அது 2 லிட்டர் வரை போகலாம். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே நம் மலையில் இரவில் கூடாரத் துணி குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டு நீர்த்துளியாகிச் சொட்டும். “கூடாரம் ஒழுகுகிறது” என்று பலர் குறை சொல்வது பெரும்பாலும் தங்கள் மூச்சையேதான்! உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, மேலே காற்றுப்போக்கி என அமைந்த இரட்டை அடுக்குக் கூடாரமே இங்கு ஏற்றது.

காற்றையும் மறக்கக்கூடாது. கூடாரத்தின் நீளமும் உயரமும் இருமடங்கானால் காற்று மோதும் பரப்பு நான்கு மடங்காகும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசையும் நான்கு மடங்காகும்.

இவையெல்லாம் வசதி பற்றியவை. உயிர் பற்றிய காரணம் தரையில் இருக்கிறது. எட்டுப் பேர் கூடாரத்துக்குக் கயிறு கட்டும் இடத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ பாதி வகுப்பறை அளவு சமதளம் வேண்டும். மலையில் அவ்வளவு சமதளம் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான்: சரிவை வெட்டிய இடம், இல்லையென்றால் ஆற்றோரம்.

சரிவின் அடியை வெட்டினால் மேலுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. நாள் கணக்கில் மழை பெய்தால் மண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து அழுத்தம் கூடும், துகள்களின் உராய்வு குறையும். பிறகு ஒரு நொடியில் சரிவு இறங்கிவிடும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூர் பத்தாங் காலி அருகே முகாம் தளம் ஒன்றின்மேல் மழையில் ஊறிய சரிவு இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த 31 பேர், பிள்ளைகள் உட்பட, மண்ணுக்குள் போனார்கள். உரிமம் இல்லாமல் முகாம் நடத்திய இடம் அது. 2024 ஜனவரியில் நம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவின் புளூ வேலியில் இதேபோல் நிலம் சரிந்து மியன்மார் நாட்டவர் ஐவர் இறந்தனர். எத்தனை ரிங்கிட் கொடுத்து வாங்கிய கூடாரமும் அந்த மண்ணைத் தாங்காது.

ஆற்றோரமும் அப்படித்தான். நம் ஊர்ப் பெயரிலேயே ஆறு இருக்கிறது. மலாய் மொழியில் ‘கோலா’ என்றால் ஆறு சென்று சேரும் இடம். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேல்மலையில் பெய்த மழை ‘கெப்பாலா ஆயர்’ ஆகத் திடீரென்று பாய்ந்து வரும்.

சிறிய கூடாரம் என்றால் சின்னச் சமதளமே போதும். வெட்டிய சரிவையும் ஆற்றங்கரையையும் விட்டு விலகிப் போட அதிக இடங்கள் கிடைக்கும். அவசரத்தில் நிமிடங்களில் கழற்றவும் முடியும்.

“பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாகப் படுத்தால்தானே மகிழ்ச்சி?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாசல்கள் எதிரெதிராக இருக்கும்படி இரண்டு கூடாரங்களையும் போட்டு, நடுவே ஒரு தார்ப்பாயைக் கட்டுங்கள். கதையும் தேநீரும் அங்கே. தூங்கும்போது ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு பெரியவர் இருக்கட்டும். குளிருக்காக அடுப்பையோ கரி நெருப்பையோ உள்ளே கொண்டு போகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனோக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஈமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும்.

முகாம் இடத்தைப் பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாவட்ட மன்றத்தின் உரிமம் உண்டா? பின்னால் இருப்பது வெட்டிய சரிவா? கடந்த சில நாள்களாக மழையா? அங்கே போனபின் தரையில் விரிசல், சாய்ந்த மரம், சரிவில் ஊறும் சேற்றுநீர் கண்ணில் பட்டால் கூடாரத்தை விரிக்காமலே திரும்புங்கள். வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் காரணத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். படித்தவர் நீங்கள்தானே!

அந்த மாணவர் மறுநாள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கூடாரத்தின் படம் இல்லை. அவர்கள் தங்கப் போகும் இடத்தின் படம். எனக்கு அது போதும்.