உப்பு சுமக்க வயது கேட்காதவர்கள் விமானம் ஓட்ட வயது கேட்கிறார்கள்

கிளியனூரில் திண்டிவனம் - புதுச்சேரி சாலையோரம் ஒரு டீக்கடை. 2024 டிசம்பரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் மறுபடியும் விமானம் வந்து போகிறது. பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கிறது. அதனால் எங்கள் டீக்கடைப் பேச்சிலும் விமானம் நுழைந்துவிட்டது. அன்று காலை ஒருவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, மீசை சரியாக முளைக்காத முகம். ஒரு இளம் விமானி.

"இவன் ஓட்டுற பிளேன்ல ஏறுவியா?" என்று கேட்டார். "ஐயோ, ஸ்கூல் பையன் மாதிரி இருக்கான்பா, நான் பஸ்லயே போயிக்கறேன்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். அப்போது ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் சொன்னார்: "சின்னப் பையனா இருந்தாகூடப் பரவால்ல. கோட்டாவுல வந்தவனா இருந்தா என்ன பண்ணுவ?"

அந்த பெஞ்சில் காலனிக்காரர்கள் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நாங்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

முதலில் வயதைப் பற்றிப் பேசிவிடுவோம். குழந்தை குட்டியோடு விமானம் ஏறுகிறவருக்கு ஓட்டுபவர் யார் என்ற பயம் வருவது இயல்பு. அதை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் பயப்படுவதற்கு முன்னால் விதி என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இந்தியாவில் 16 வயதில் பயிற்சி விமானி உரிமம் வாங்கலாம். 18 வயதில் வணிக விமானி உரிமம் வாங்கலாம். அதற்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வுகளில் தேற வேண்டும், கடுமையான மருத்துவப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். அப்படி வந்தவரும் நேராகக் கேப்டன் ஆகிவிடுவதில்லை. வலதுபக்க இருக்கையில் துணை விமானியாகத்தான் உட்காருகிறார். கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்குக் குறைந்தது 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் வேண்டும்.

அதோடு முடியவில்லை. இயந்திரம் நின்றால், தீப்பிடித்தால், காற்று புரட்டினால் என்ன செய்வாய் என்று சிமுலேட்டரில் வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை சோதிக்கிறார்கள். இருபது வருடம் ஓட்டிய கேப்டனுக்கும் இதே சோதனைதான். எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று சிமுலேட்டருக்குக் கேட்கத் தெரியாது. நம் பக்கத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஓட்டுநர் உரிமம் எப்படி வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த பஸ்ஸில் ஏறும்போது யாரும் ஓட்டுநரின் வயதைக் கேட்டதில்லை.

அப்படியென்றால் இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது? இளம் வயது விமானிகளை இந்த நாடு எப்போதுமே சந்தேகப்பட்டதா என்றால், இல்லை. 1929இல் ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை வாங்கியபோது அவருக்கு வயது 24. 1930இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டி நடந்தது, அதற்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். அதை வென்ற ஆஸ்பி எஞ்சினியருக்கு வயது 17. பதினேழு வயதுப் பையன் ஒற்றை ஆளாக, சின்ன விமானத்தில், கண்டம் தாண்டிப் பறந்தான். நாடு கொண்டாடியது. பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தளபதியாகவும் ஆனார். அவருடைய துணிச்சலையும் திறமையையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே 1930 மார்ச்சில்தான் நாசிக்கில் காலாராம் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் வாசலில் நின்றார்கள். ஒரு பதினேழு வயதுக்கு வானமே திறந்திருந்த ஆண்டில், இன்னொரு பதினேழு வயதுக்குக் கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. வயது ஒன்றுதான். பிறந்த இடம் வேறு.

இன்றைக்கும் அதே கதைதான். வசதியான வீட்டுப் பிள்ளை 19 வயதில் விமானி ஆனால் 'இளம் சாதனையாளர்'. சேரிப் பிள்ளை அதே வயதில் அதே உடுப்பைப் போட்டால் 'சின்னப் பையன், அனுபவம் போதாது, எப்படி வந்தானோ'.

எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரக்காணம் உப்பளத்தில் சூரியன் ஏறுவதற்கு முன்னால் இறங்கி, பாத்தியில் உப்பு வாரி, தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் எங்கள் மக்கள். பள்ளிக்கூட வயதிலேயே அப்பா அம்மாவோடு போய்ப் பழகியவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பார்த்து 'இந்த வயதுக்கு இது தாங்குமா' என்று யார் கேட்டார்கள்? இருபது வயதுப் பையனைக் கயிறு கட்டாமல், முகமூடி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்களே, 'இவனுக்குப் பயிற்சி இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா' என்று யாராவது கேட்டதுண்டா? மலக்குழிக்குள் இறக்குவதைத் தடை செய்து 2013இல் சட்டமே வந்துவிட்டது. இன்னும் பிணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சாகப்போகும் வேலைக்கு எங்கள் பிள்ளைகளிடம் வயதும் கேட்க மாட்டார்கள், தகுதியும் கேட்க மாட்டார்கள். தலை நிமிரும் வேலை என்றால்தான் இரண்டையும் கேட்பார்கள்.

அடுத்து அந்த 'கோட்டா'. தனியார் விமான நிறுவனங்களில் இடஒதுக்கீடு கிடையாது. ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் டாடாவிடம் போய்விட்டது. அரசுப் பயிற்சி அகாடமியில் சேருவதற்கு இட ஒதுக்கீடு உண்டு. உள்ளே போன பிறகு பறக்க வேண்டிய மணி நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான். 'கோட்டா பைலட்' என்று யாரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்? இல்லாத பேயைக் காட்டி, இருக்கிற இடஒதுக்கீட்டை எல்லாம் கேவலப்படுத்தும் பழைய வித்தை இது. டாக்டரை வைத்து ஒரு காலம் சொன்னார்கள். இப்போது விமானியை வைத்துச் சொல்கிறார்கள்.

விமானம் உண்மையில் எதனால் விழுகிறது என்று பார்ப்போம். 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். விமான விபத்து வரலாற்றிலேயே அதிக உயிர்ப்பலி இதுதான். அனுமதி கிடைக்கும் முன்பே விமானத்தைக் கிளப்பியவர் கே.எல்.எம். நிறுவனத்தின் மூத்த கேப்டன். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், நிறுவனத்தின் விளம்பரத்தில் முகம் வந்தவர். பாதை காலியாகிவிட்டதா என்று அவரோடு இருந்த ஃபிளைட் எஞ்சினியர் கேட்டார். கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். அதற்கு மேல் அழுத்திச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் துணிவில்லை.

2010 மே 22, மங்களூர். 158 பேர் செத்தார்கள். கேப்டனுக்கு வயது 55, பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். இறங்காதே, மறுபடி மேலே எழுப்பு என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் சொன்னது குரல்பதிவில் இருந்தது. கேப்டன் கேட்கவில்லை.

இரண்டு இடத்திலும் குறைந்திருந்தது வயதோ அனுபவமோ இல்லை. கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் கேட்கவில்லை. டெனரிஃபுக்குப் பிறகு உலக விமானத்துறை இதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டது. இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மூத்தவர் காது கொடுக்க வேண்டும் என்று காக்பிட்டில் இருப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி வந்தது. இதைப் படித்தபோது எங்களுக்கு அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைதான் நினைவுக்கு வந்தது. மேலே இருப்பவன் பேசினால் கட்டளை, கீழே இருப்பவன் பேசினால் திமிர் என்று இரண்டாயிரம் வருடமாகப் பழக்கிய சமூகம் இது. பணிமூப்பின் ஏற்றத்தாழ்வே விமானத்தை வீழ்த்தும் என்றால், அதன்மேல் சாதியின் ஏற்றத்தாழ்வையும் ஏற்றினால் என்ன ஆகும்? உங்கள் உயிருக்குப் பயந்தால், காக்பிட்டில் சாதி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுதான் நியாயமான பயம்.

இது கற்பனை இல்லை. 2025 ஜூனில் இண்டிகோ நிறுவனத்தில் பயிற்சி விமானியாக இருந்த பெங்களூரைச் சேர்ந்த ஆதிதிராவிடர் ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். விமானம் ஓட்ட உனக்குத் தகுதியில்லை, போய்ச் செருப்புத் தை என்று அதிகாரிகள் சொன்னார்கள் என்பது புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மூன்று பேர் மீது வழக்கு பதிவாகி, குருகிராமுக்கு மாற்றப்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை ஆதாரமற்றது என்று மறுத்தது. உண்மையை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் புகார் கொடுத்தவர் சின்னப் பையன் இல்லை, 35 வயதுக்காரர். வயது ஏறினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டு விஷயம். நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் வருகிறாள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பள வேலை, மழைக்காலத்தில் அதுவும் இல்லை. என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டு எழுதச் சொன்னபோது 'பைலட்' என்று எழுதினாள். பள்ளியிலும் அதையே சொல்லியிருக்கிறாள். "முதல்ல நர்சிங் கிடைக்குதான்னு பாரு" என்று அங்கே ஒருவர் சிரித்தாராம். எங்களிடம் வந்து, "அண்ணா, எவ்வளவு செலவாகும்?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரித்தோம். உத்தரப் பிரதேசத்தில் ஒன்றிய அரசு நடத்தும் இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமியிலேயே கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. அதன்பிறகு குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி என்று இன்னும் பல லட்சம். பட்டியலின மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் 'டாப் கிளாஸ்' கல்வித் திட்டத்தில் விமானிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. தனியார் பயிற்சிக் கழகங்களுக்கு அதில் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. நம் தாட்கோ, விமான நிலையப் பணிக்கும் விமானப் பணிப்பெண் வேலைக்கும் பயிற்சி கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் விமானத்துக்குள் தட்டு ஏந்தும் வரைக்கும்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வழியா? முன் அறைக்கு வழி இல்லையா?

வழி உண்டு என்று பக்கத்து மாநிலம் காட்டுகிறது. கேரள அரசு 'விங்ஸ்' என்ற திட்டத்தில் பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளின் விமானிப் பயிற்சிக்கு உதவுகிறது. திருவனந்தபுரம் கடற்கரையில் கொச்சுதுறை மீனவ கிராமத்துப் பெண் ஜெனி ஜெரோம் 2021இல் 23 வயதில் துணை விமானியாகப் பறந்து சொந்த மண்ணில் இறங்கினார். ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்து போலீஸ்காரரின் மகள் அனுப்ரியா லக்ரா, ஒரு பழங்குடிப் பெண், 2019இல் விமானி ஆனார். மரக்காணம் கடற்கரைக்கு மட்டும் வானம் எட்டாதா?

தமிழ்நாடு அரசிடம் கேட்கிறோம். ஆண்டுக்குப் பத்துப் பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளின் விமானிப் பயிற்சிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிறப்புக் கூறு நிதியைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்புவதைவிட இது மேல். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் கேட்கிறோம். மது குடித்தாரா என்று விமானியை ஊதச் சொல்லிச் சோதிக்கிறீர்கள். பயிற்சியில் சாதி பார்ப்பதையும் பாதுகாப்புக் குற்றமாக எழுதி வையுங்கள். நம் மக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். டீக்கடையில் அன்றைக்கு முதலில் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம். இனிமேல் சிரிக்க மாட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது 16 வயது. சட்டப்படி பயிற்சி விமானி உரிமம் வாங்கும் வயது வந்துவிட்டது. வயது போதாது என்று அவளிடம் இனி யாரும் சொல்ல முடியாது. பணம் போதாது என்பதுதான் மிச்சம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை.

ஜெய்பீம்.