தர்ஜினிக்குக் கைதட்டிய நாம், நம் பிள்ளைகளை ஏன் தரம் 9ல் நிறுத்துகிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. வத்தளை, மாபோல, ஹுணுப்பிட்டிய பக்கம் பெண் பிள்ளைகள் உள்ள உம்மா வாப்பாமார் நேரமெடுத்து வாசித்தால் சந்தோஷம்.

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து வலைப்பந்து அணி தெரிவு செய்யும் காலம் இது. ஒவ்வொரு வருடமும் ஒரே கதைதான். தரம் 6, 7ல் பெயர் கொடுக்க ஓடி வரும் பிள்ளைகளை தரம் 9ல் மைதானத்தில் காண முடியாது. கேட்டால் மூன்று பதில் வரும். "விளையாடி என்ன டீச்சர் கிடைக்கும்?" "வாப்பா வேணாம் எண்டு சொல்லிட்டாங்க." "பின்னேரம் டியூஷன் இருக்கு."

முதல் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தர்ஜினி சிவலிங்கம்.

பெயர் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, யுத்த காலத்தில் வளர்ந்தவர். உயரம் 6 அடி 10 அங்குலம். இன்றைக்கு உலகின் மிக உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ரோட்டில் நடந்தால் சனம் திரும்பிப் பார்த்துக் கேலி பேசியதும் அதே உயரத்தைத்தான். அதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த உயரத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று காட்டியது மைதானம்தான்.

2009ல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார். மெல்பர்னில் சிற்றி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கழகத்துக்காக ஆடினார். இடையில் சில வருடங்கள் தேசிய அணியில் அவர் இல்லை. 2018ல் திரும்பி வந்தார். சிங்கப்பூரில் நடந்த அந்தத் தொடரில், 9 வருடத்துக்குப் பிறகு கிண்ணம் மறுபடி இலங்கைக்கு வந்தது. அடுத்த வருடம் லிவர்பூலில் உலகக் கிண்ணம். அணிகளின் பட்டியலில் இலங்கை மேலே இல்லை, ஆனால் அந்தத் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் தர்ஜினி. அப்போது அவருக்கு 40 வயது. 2022ல் மீண்டும் ஆசியக் கிண்ணம், 2023ல் கேப் டவுனில் மீண்டும் உலகக் கிண்ணம்.

உயரம் அல்லாஹ் கொடுத்தது, அது எல்லோருக்கும் கிடைக்காது என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் உயரம் மட்டும் இருந்து 40 வயதுக்கு மேல் உலகக் கிண்ணம் ஆட முடியாது. பின்னால் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். தர்ஜினி உள்ளூரில் செலான் வங்கி அணிக்காக ஆடியவர். நம் நாட்டில் வலைப்பந்தை உயிரோடு வைத்திருப்பதே வங்கிகளும் கம்பனிகளும் மோதும் வர்த்தகப் போட்டிகள்தான். நன்றாக ஆடும் பிள்ளைக்கு அந்த வழியாக ஒரு உத்தியோகமும் கிடைக்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை கூடைப்பந்து வீராங்கனை. 19 வயதில் இந்திய அணித் தலைவி. 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய சம்பியன்ஷிப் ஆடியவர். தெற்கு ரயில்வேயில் வேலை. குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021ல் பத்மஸ்ரீ விருது. மாதச் சம்பளம் இருந்ததால்தான் அவ்வளவு காலம் ஆட முடிந்தது என்று நினைக்கிறேன்.

இனி இரண்டாவது பதில், "வாப்பா வேணாம் எண்டு சொல்லிட்டாங்க". பெரும்பாலும் இதன் அர்த்தம் உடை. இதைப் பேசாமல் தவிர்ப்பதால்தான் பிரச்சினை அப்படியே கிடக்கிறது.

கூடைப்பந்து 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில் பிறந்தது. பிறகு இங்கிலாந்தில் பெண்கள் அதை மாற்றி ஆடியதிலிருந்து வந்ததுதான் நம் வலைப்பந்து. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்த ஒரு முஸ்லிம் பிள்ளை பில்கிஸ் அப்துல் காதர். ஹிஜாபோடு ஆடி, பாடசாலைக் காலத்திலேயே 3,070 புள்ளிகள் எடுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண், பெண் எந்தப் பாடசாலை வீரரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. பல்கலைக்கழகத்திலும் ஹிஜாபோடு ஆடினார். பிறகு ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆட நினைத்தபோது கதவு மூடியிருந்தது. தலையில் எதுவும் அணியக் கூடாது என்பது சர்வதேச கூடைப்பந்து சம்மேளனத்தின் விதி. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் கத்தார் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து, ஆடாமலேயே வெளியேறியதும் இதே விதியால்தான்.

பில்கிஸ் போன்றவர்கள் வருடக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு 2017ல் விதி மாறியது. ஆனால் அதற்குள் அவருடைய தொழில்முறை ஆட்டத்துக்கான வயது போய்விட்டது. அவர் திறந்த கதவால் மற்றப் பிள்ளைகள் போகிறார்கள்.

வலைப்பந்தில் இந்தச் சண்டைகூடத் தேவையில்லை. மலேசிய வீராங்கனைகள் ஹிஜாபும் நீளக் கையும் போட்டு ஆசியக் கிண்ணம் ஆடுகிறார்கள். அங்கே பில்கிஸைத் தடுத்தது சர்வதேச விதி. இங்கே நம் பிள்ளைகளைத் தடுக்க அப்படி ஒரு விதியும் இல்லை. தடுப்பது நாம்தான். லெக்கின்ஸ், நீளக் கை ஜேர்சி, ஸ்போர்ட்ஸ் ஹிஜாப், இவ்வளவுதான் விஷயம். மொத்த அணிக்கும் ஒரே மாதிரித் தைத்தால் யாரும் தனியாகத் தெரியப் போவதும் இல்லை.

மூன்றாவது, டியூஷன். ஓ.எல். முக்கியம்தான், டீச்சராக இருந்துகொண்டு வேறு மாதிரிச் சொல்ல மாட்டேன். ஆனால் தரம் 9ல் வாரத்துக்கு இரண்டு பின்னேரம் மைதானத்தில் நின்றதால் சோதனையில் சறுக்கிய பிள்ளையை நான் இதுவரை காணவில்லை. போனில் சறுக்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுச் சாதனையாளர்களுக்கு ஒரு சிறிய சிறப்பு ஒதுக்கீடு இருக்கிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

வீடு திரும்பும் பயம் வேறு. பயிற்சி முடிந்து நீர்கொழும்பு வீதியில் நெரிசல் பஸ்ஸில் பிள்ளையைத் தனியே அனுப்ப யாருக்கும் மனம் வராது. அந்தப் பயம் சரியானது. அதற்கு ஐந்து பெற்றோர் சேர்ந்து ஒரு வேன் பேசலாம், உம்மாமார் முறை வைத்து மைதானத்துக்கு வரலாம். பிள்ளையை நிறுத்துவது மட்டும்தான் வழி என்று இல்லை.

எல்லாப் பிள்ளையும் தர்ஜினி ஆகாது. அது என் எதிர்பார்ப்பும் இல்லை. தோற்றுப்போய் அடுத்த நாள் மறுபடி பயிற்சிக்கு வருவது, தன் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் நிற்பது, தமிழ், சிங்களம் பேசும் பிள்ளைகளோடு ஒரே அணியில் பந்து மாற்றுவது, இவற்றை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி என்னால் கற்றுக் கொடுக்க முடியாது.

ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வருடம் உங்கள் மகளின் பெயர் அணியில் வந்தால் உடனே வேணாம் என்று சொல்லாதீர்கள். ஒருமுறை பாடசாலைக்கு வந்து கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பயிற்சி முடியும், எந்த டீச்சர் கூட இருப்பார், என்ன உடை. பதில் திருப்தி இல்லை என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள். அந்த முடிவை எடுக்கும்போது மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் ஊர்ப் பாடசாலைகளில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பழைய வலைப்பந்து ராணிகள் யாராவது இருந்தால் நீங்களும் வாருங்கள், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேவை.