ரத்த நோயாளரின் ஊடுருவும் பூஞ்சைத்தொற்று: முதல் மருந்து குறித்த நிலைப்பாடு

தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு முதற்கட்டக் கீமோதெரபி பெறுவோரும், பிறர் அளித்த குருத்தணுக்களை ஏற்றுக்கொண்டோரும் ஊடுருவும் பூஞ்சைத்தொற்றுக்கு எளிதில் ஆளாகின்றனர். நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கி, பத்து நாட்களுக்கு மேல் அப்படியே நீடிக்கும்போது ஆபத்து உச்சத்தை அடைகிறது. ஆஸ்பர்ஜில்லஸ், கேண்டிடா, மியூகர் இனங்களே இத்தொற்றுக்கு முக்கியக் காரணங்கள்.

நிலைப்பாடு

இந்திய மருத்துவமனைகளில், நுரையீரலிலோ சைனஸிலோ தொற்று தெரிந்தும் பூஞ்சை இன்னதென்று உறுதியாகாத நிலையில், வழக்கத்தின் பேரில் வோரிகோனசோலைத் தொடங்கக் கூடாது. மியூகர் ஐயம் நீங்கும்வரை லைபோசோமல் ஆம்போடெரிசின் பி மருந்தே கொடுக்கப்பட வேண்டும்.

காரணங்கள்

ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோலின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. 2002இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அம்மருந்து பெற்றோரில் 71 விழுக்காட்டினரும் பழைய வகை ஆம்போடெரிசின் பெற்றோரில் 58 விழுக்காட்டினரும் 12 வாரங்களுக்குப் பின் உயிருடன் இருந்தனர். ஆனால் மியூகரிடம் வோரிகோனசோல் செல்லுபடியாகாது. கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகர் நோய், செல்வ நாடுகளைவிட இந்தியாவில் பன்மடங்கு அதிகம். ரத்தத்தில் செய்யப்படும் கேலக்டோமானன் சோதனை மியூகரைக் காட்டுவதில்லை. ஆகவே அதன் முடிவு எதிர்மறையாக வந்தாலும் ஐயம் தீராது.

பரிந்துரைகள்

1. சி.டி. ஸ்கேன் தாமதமின்றி எடுக்கப்பட வேண்டும். தலைகீழ் ஒளிவட்டம், சைனஸ் பாதிப்பு, வோரிகோனசோல் எடுக்கும்போதே தோன்றும் தொற்று ஆகியவை மியூகரைச் சுட்டுகின்றன. ரத்தத் தட்டணு நிலை இடம்கொடுத்தால் திசு எடுத்து ஆராய வேண்டும்.

2. மியூகருக்கு லைபோசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். இயன்ற இடத்தில் அழுகிய திசுவை அறுவை சிகிச்சையால் அகற்ற வேண்டும். கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகளை அடிக்கடி பார்க்க வேண்டும்.

3. ஆஸ்பர்ஜில்லஸ் உறுதியானால் வோரிகோனசோல் அல்லது ஐசவுகோனசோலுக்கு மாறலாம். வோரிகோனசோலின் ரத்த அளவு லிட்டருக்கு 1 முதல் 5.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். வின்கிரிஸ்டினுடன் இவ்வகை மருந்துகள் சேர்ந்தால் நரம்புப் பாதிப்பு கடுமையாகும். இம்மருந்துகளுடன் வெனிடோகிளாக்ஸும் பெறுவோருக்கு வெனிடோகிளாக்ஸின் அளவைக் குறைக்க வேண்டும்.

4. ரத்தத்தில் கேண்டிடா தெரிந்தால் எக்கினோகேண்டின் வகை மருந்து முதல் தேர்வு. ரத்தம் தூய்மையானபின் குறைந்தது 14 நாட்கள் சிகிச்சை தொடர வேண்டும்.

5. ஆஸ்பர்ஜில்லஸ் சிகிச்சைக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் தேவை. வெள்ளணுக்கள் மீண்டு, ஸ்கேனில் தொற்று வடிந்தது தெரிந்த பிறகே எந்தப் பூஞ்சைத்தொற்றுக்கும் மருந்தை நிறுத்த வேண்டும். அடுத்த கீமோதெரபி தேவைப்பட்டால் பூஞ்சைத் தடுப்பு மருந்துடன் தொடரலாம்.