மனச்சோர்வுக்கு எந்தப் புத்தகம்?

கடையில் "டிப்ரஷன் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் சுயமுன்னேற்ற அடுக்கைத்தான் காட்டுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வேலைப் பளுவும் கடனும் தரும் நெருக்கடியை 'மன அழுத்தம்' என்கிறோம். நோயாக வரும் டிப்ரஷனுக்கும் அதே சொல்லைத்தான் புழங்குகிறோம். பின்னதை மனச்சோர்வு என்று பிரித்துச் சொல்வது நல்லது. அதில் குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்துக் கிடக்கும், அல்லது பிடித்த விஷயத்திலும் நாட்டம் அற்றுப்போகும். கூடவே தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு எல்லாம் குலையும்.

சொல் குழம்பினால் புத்தகமும் மாறிவிடுகிறது. 'முயன்றால் முடியும்' என்ற புத்தகம் தயங்கி நிற்பவருக்கு உதவலாம். மனச்சோர்வில் இருப்பவரோ ஏற்கெனவே தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் அவருக்கு எதிரான இன்னொரு சாட்சியாகிவிடும். நல்லெண்ணத்தோடு வாங்கிக் கொடுப்பவர்கள் இதை அறிவதில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரனுக்கும் சொல்மீதுதான் கோபம். 1985இல் தன்னைப் பிடித்த நோயை அவர் 1990இல் 'டார்க்னஸ் விசிபிள்' என்ற சிறு நூலாக எழுதினார். பொருளாதாரச் சரிவுக்கும் தரையில் விழுந்த பள்ளத்துக்கும் புழங்கும் 'டிப்ரஷன்' என்ற சொல் இவ்வளவு பெரிய வேதனையைத் தாங்காது என்பது அவர் வாதம். இத்தகைய அனுபவ நூல்கள் சிகிச்சை ஆகாது. ஆனால் தனக்கு நேர்வதைச் சொல்ல வார்த்தை இல்லாமல் தவிப்பவருக்கு அந்த வார்த்தைகளைத் தருகின்றன. வீட்டாருக்கும் இவை உதவும்: "எழுந்து குளிச்சா சரியாயிடும்" என்று சொன்ன வாய் அதன்பின் சற்றுத் தயங்கும்.

பயிற்சி நூல்களின் வேலை வேறு. மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய 'ஃபீலிங் குட்' இவற்றில் பெயர்பெற்றது. ஆரன் பெக் வகுத்த சிந்தனை–நடத்தை சிகிச்சையை வீட்டில் செய்துபார்க்கும்படி அது தருகிறது. உதாரணமாக, மகன் இன்று போன் செய்யவில்லை. 'நான் யாருக்கும் வேண்டாதவள்' என்று மனம் சொல்கிறது. அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரு நாள் நடந்ததை வைத்து வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்பு எழுதுகிறதே என்று அதன் கோணலைக் குறிக்க வேண்டும். பக்கத்தில் நியாயமான பதில் ஒன்றை எழுத வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஃபாரஸ்ட் ஸ்கோகின் குழுவினர் இந்த நூலைக் கொடுத்துச் சோதித்தபோது, படித்தவர்கள், நூலுக்காகக் காத்திருந்தவர்களைவிடத் தேறினார்கள். தாளும் பேனாவும் இல்லாமல் கதைபோல வாசித்தால் இந்நூலால் பெரிய பயன் இராது.

துணைக்கு ஓர் ஆள் இருந்து அவ்வப்போது விசாரித்தால் பயிற்சி நூல் இன்னும் நன்றாகப் பலிக்கும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உளவியலாளர் நீல் ஃப்ரூட் தொடங்கிய திட்டத்தில், மருத்துவர் மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல நூலின் பெயரை எழுதித் தருவார். அதைக் காட்டி நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் புத்தகம் என்று தேடும் சுமை நோயாளியின் தலையில் விழவில்லை. நம் ஊர் மாவட்ட மைய நூலகங்களிலும் இப்படிச் செய்யலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

வாங்குமுன் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். எழுதியவர் இத்துறையில் சிகிச்சை அளிப்பவரா, நோயை அனுபவித்தவரா என்று தெரியவேண்டும். எப்போது மருத்துவரிடம் போகவேண்டும் என்று சொல்லாத வழிகாட்டி நூலை நான் நம்பமாட்டேன். மாத்திரையை உடனே நிறுத்து என்று சொல்லும் நூலை அங்கேயே வைத்துவிடுங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். சாவைப் பற்றிய எண்ணம் வந்துவிட்டால் அது புத்தகம் தேடும் நேரமே அல்ல. இந்தியாவில் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

கவனம் சிதறுவது இந்த நோயின் அறிகுறி. அதனால் நல்ல நூலும் மூன்றாம் வரியில் கைநழுவும். படிப்பவர் அதையும் தன் தோல்விக் கணக்கில் எழுதிக்கொள்வார். எனவே வீட்டில் இருக்கும் இன்னொருவர் முதலில் படிப்பதே நல்லது. நூல் ஆங்கிலமாக இருந்தால், சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தைத் தமிழில் சொல்லலாம். அவர் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு அடுத்த இரண்டு பக்கம்.